மாமா வீடு ஏலத்துக்கு வருது, கையில காசு குடுத்து முடிச்சுக்கலாமா?

சுங்கை சிப்புட்ல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு, பேரு போட வேணாம்னு கேட்டதால போடல. வயசு 34, செம்பனை மில்லுல வேலை, ஓவர்டைம் சேர்த்து மாசம் 3,200 வெள்ளி. ஒரே தோட்டத்துல அம்மாவோட பால் மரம் வெட்டின ஒரு மாமா டவுனுக்குப் பின்னாடி தாமான்ல வச்சிருக்க ஒத்த மாடி வீட்டுக்கு லோன் கட்ட முடியாம ஹைகோர்ட் மூலமா லெலோங் போட்டுட்டாங்க. மகன் பிசினஸுக்காக அந்த வீட்ட ரீபைனான்ஸ் பண்ணினதுதான் காரணமாம். முதல் ஏலம் 150,000, ரெண்டாவது 135,000, ரெண்டுக்கும் ஆள் வரல, இன்னும் அஞ்சு வாரத்துல மூணாவது, 121,500 வெள்ளி. பேங்க்குக்கு பாக்கி சுமார் 118,000. மாமா என்ன சொல்றாருன்னா, "நீ 15,000 கையில குடு, மாசா மாசம் 780 வெள்ளி என் லோன கட்டிட்டு வா, லோன் முடிஞ்சதும் பேர் மாத்திக் குடுக்கறேன், லாயர் வச்சு ஒரு பேப்பர் போட்டுக்கலாம்." தம்பி கையில சேமிப்பு 22,000 இருக்கு. இது சரியா வருமா, இல்ல நாலாவது ஏலம் வரைக்கும் காத்திருந்து இன்னும் மலிவா எடுக்கலாமா, எவ்வளவுக்கு கேக்கலாம், அம்மா வேற "அடுத்தவன் வயித்தெரிச்சல்ல வீடு வாங்காதடா"ன்னு சொல்றாங்க, அப்புறம் வாசல்ல மாமா கட்டி வச்சிருக்க முனியாண்டி மேடைய என்ன பண்றது, இதுதான் கேள்வி.

தம்பி, மொதல்ல அந்த 15,000 வெள்ளிய விட்டு கைய எடுங்க. மாமா ஏமாத்துறாருன்னு நான் சொல்லல, அவரு மனசாற நம்பித்தான் சொல்றாரு, அதான் இன்னும் ஆபத்து. வீட்டு கிரான் (நிலப்பட்டா) மேல பேங்க்கோட சார்ஜ், அதாவது அடமானம், உக்காந்திருக்கு, ஏலத்துக்கு கோர்ட் ஆர்டரும் வந்தாச்சு, நீங்களும் மாமாவும் போட்டுக்கற பேப்பர்ல பேங்க் எங்கயும் கையெழுத்து போடல. அப்போ நீங்க மாசம் 780 கட்டினாலும் பழைய பாக்கி அப்படியேதான் நிக்கும், ஏலம் சொன்ன தேதிக்கு நடக்கும். இருபது வருஷம் கழிச்சு பேர் மாத்தலாம்னு வச்சுக்கோங்க, அதுக்குள்ள மாமா இறந்துட்டா, அந்த பேப்பரோட அவர் எழுதி குடுக்கற பவர் ஆஃப் அட்டர்னி செல்லுபடியாகிறதே பெரிய கேள்விக்குறியாயிடும், மகனுக்கு கடன் குடுத்தவன் மாமா கேரண்டி போட்டிருந்தா கேஸ் போட்டு அவர திவால் ஆக்கிட்டா சொத்து இன்சால்வென்சி இலாகா கைக்கு போயிடும், நீங்க கட்டின காசுக்கு வரிசையில நிக்கற இன்னொரு கடன்காரர்தான் நீங்க. 

என் ஆபீஸுக்கு இப்படி ஒரு அம்மா வந்தாங்க, பதினோரு வருஷம் கட்டியிருக்காங்க, கையில பேங்க் ரசீது ஒரு பிஸ்கட் டின் நிறைய, எல்லாத்துலயும் கடன்காரர் பேருதான் இருக்கு, அவங்க பேரு ஒரு இடத்துலயும் இல்ல. அந்த டின்ன மேசை மேல கவுத்து கொட்டினாங்க பாருங்க, பாதி ரசீதுல மை மங்கி வெறும் வெள்ளைத் தாளா இருந்துச்சு. அத பாத்ததுக்கு அப்புறம் இந்த மாதிரி "பேப்பர்" நான் யாருக்கும் எழுதி குடுக்கறதில்ல.

கணக்கும் பாருங்க, மாமா சொன்ன ஏற்பாட்டுல 780 கட்டணும். உங்க பேர்லயே 113,000 சொச்சம் லோன் (கீழ சொல்ற 126,000 விலையில 90 சதவீதம்), 35 வருஷம், வட்டி 4 சதவீதத்துக்கு கொஞ்சம் மேலன்னா மாசம் 515 வெள்ளி கிட்டத்தான் வரும். வருஷம் நீளுது, மொத்த வட்டி கூடும், அது உண்மைதான், ஆனா கிரான்ல உங்க பேரு இருக்கும்ல.

இப்போ நல்ல வழி. ஏலத்துக்கு முன்னாடி மாமா தன் வீட்ட தானே விக்கலாம், சட்டம் தடுக்கல. கானுன் தானா நெகாரா, 1965ம் வருஷ நிலச் சட்டம், அதுல 266ம் செக்ஷன்ல ஏலம் முடியறதுக்கு முன்னாடி எந்த நேரத்துலயும் கடன்காரர் பாக்கி முழுக்க கட்டிட்டா ஏலம் நின்னுடும்னு இருக்கு. மாமாகிட்ட காசு இல்ல, ஆனா உங்க லோன் காசு இருக்கு. அதால உங்க ஆஃபர் மாமாவுக்குத்தான் போகும், காசு மட்டும் மாமா கைக்கு போகாம லாயர் வழியா பேங்க்குக்கு போகணும், மிச்சம் இருந்தா அது மாமாவுக்கு. இந்த ஒரு விஷயம் மனசுல நின்னா போதும், மத்ததெல்லாம் லாயர் பாத்துப்பாரு.

எவ்வளவு கேக்கறதுன்னா, 121,500 அப்படிங்கற ஏல விலைய பாத்து விலை போடாதீங்க, எல்லாரும் பண்ற தப்பு அதுதான். ஏல விலை, ஏலம் எங்க ஆரம்பிக்குதுன்னு காட்டற நம்பர், அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டியது ரிடெம்ப்ஷன் ஸ்டேட்மெண்ட், அதாவது இன்ன தேதிக்கு பேங்க்குக்கு மொத்தமா எவ்வளவு கட்டினா சார்ஜ விடுவிப்பாங்கங்கற கடுதாசி. மாமாதான் கேக்கணும், பேங்க் லாயர் மூலமா வரும். நீங்க எழுதின 118,000 பழைய ஸ்டேட்மெண்ட்ல பாத்ததா இருக்கும், அதுக்கு மேல தினமும் வட்டி ஏறும், பேங்க் லாயர் பீஸ், ரெண்டு ஏலத்துக்கு ஆன செலவு எல்லாத்தையும் சேர்ப்பாங்க, அதால 121,000 கிட்ட வந்தா ஆச்சரியப்படாதீங்க. அதோட சுக்காய் தானாங்கற நிலவரி, முனிசிபல் சுக்காய் பிந்து, தண்ணி, தெனாகா கரண்ட் பில், இண்டா வாட்டர் பாக்கி, லோன் கட்ட முடியாதவரு இதெல்லாம் ஒழுங்கா கட்டியிருப்பாருன்னு நினைக்கறீங்களா. அதுக்கு ஒரு ரெண்டாயிரம் தள்ளி வைங்க. மாமா சாமான் ஏத்தி, வேற வாடகை வீட்டுக்கு டெபாசிட் கட்ட ஒரு மூவாயிரமாவது அவர் கையில நிக்கணும். ஆக மொத்தம் 126,000 சுத்தி ஒரு நம்பர்.

ஆனா இது கீழ் வரம்பு. மேல் வரம்பு அந்த தாமான்ல அதே மாதிரி வீடு போன வருஷம் என்ன விலைக்கு போச்சுங்கறது, அத பேங்க் பேனல் வால்யுவர்கிட்ட வாய்வார்த்தையா கேட்டாலே சொல்லுவாங்க. வால்யு 126,000க்கு கீழ வந்தா பேங்க் கம்மியான நம்பருக்குத்தான் லோன் குடுக்கும், மிச்சம் உங்க பையில இருந்து போகணும், அந்த நிலைமை வந்தா இந்த வழிய விட்டுடுங்க, மாமா மேல பாசம் இருந்தாலும்.

உங்க 22,000 பத்துமான்னு போட்டு பாத்தேன். லோன் போக நீங்க கட்ட வேண்டிய முன்பணம், 126,000க்கு 10 சதவீதம், 12,600. ட்ரான்ஸ்பர் ஸ்டாம்ப் டூட்டி முதல் 100,000க்கு 1 சதவீதம், அதுக்கு மேல 2 சதவீதம், 1,520 ஆச்சு. இது உங்க முதல் வீடுன்னா, 500,000 வரைக்குமான முதல் வீட்டுக்கு டூட்டி விலக்கு இருக்கு, மறக்காம லாயர்கிட்ட கேளுங்க. லோன் அக்ரிமெண்ட்டுக்கு 0.5 சதவீத டூட்டி, 567. லாயர் பீஸ் 2023ல மாத்தின கணக்குப்படி முதல் 500,000க்கு 1.25 சதவீதம், எஸ்பிஏங்கற வீடு வாங்கற ஒப்பந்தத்துக்கு ஒரு தடவ, லோனுக்கு ஒரு தடவ, ரெண்டும் சேர்த்து 3,000 கிட்ட, வரியும் சில்லறை செலவும் தனி. எல்லாம் கூட்டினா 18,500ல இருந்து 19,000 வரும். மூவாயிரம் மிச்சம் வச்சுகிட்டு வீடு வாங்கறது எனக்கு பிடிக்காத வேலை, கூரை ஒழுகினா எங்க போவீங்க. ஈபிஎஃப்ல அக்கவுண்ட் செஜாதெராவுல இருந்து வீட்டுக்கு எடுக்கலாம், ஆனா லோன், அக்ரிமெண்ட் பேப்பரெல்லாம் வந்த பிறகுதான் அப்ளிகேஷன், அதனால அந்த காச நம்பி டெபாசிட் கட்டாதீங்க, ரிப்பேருக்கு வச்சுக்கோங்க.

ஆஃபர எழுத்துல குடுங்க, ஒரு பக்கம் போதும். இன்ன விலை, ரிடெம்ப்ஷன் தொகை அந்த விலைக்குள்ள அடங்கினாதான் இது நிக்கும், பேங்க் ஏலத்த ஒத்திவைக்கறதா எழுத்துல குடுக்கணும், வீட்ட காலி பண்ணி சாவி குடுக்கற தேதி, இந்த ஆஃபர் எந்த தேதி வரைக்கும் செல்லும், எர்னஸ்ட் டெபாசிட்ங்கற முன்பணம் 2 இல்ல 3 சதவீதம் லாயர் ஆபீஸ் கணக்குல ஸ்டேக்ஹோல்டரா, அதாவது ரெண்டு பேருக்கும் பொதுவா, இருக்கும், விஷயம் நடக்கலன்னா திரும்பி வரும், இதெல்லாம் அதுல இருக்கணும். மாமா "ஒரு ரெண்டாயிரம் மட்டும் இப்ப குடுடா, அரிசி வாங்கணும்"னு கேப்பாரு. அரிசி வாங்கி குடுங்க, காசு குடுக்காதீங்க.

ஒத்திவைப்பு பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா எல்லாம் கெடறது இங்கதான். எஸ்பிஏ சைன் பண்ணி சாதாரணமா மூணு மாசம், தேவைப்பட்டா இன்னும் ஒரு மாசம்னு ஓடும், உங்களுக்கு இருக்கறது அஞ்சு வாரம். பேங்க்குல போன்ல பேசற ஆபீசர் "சரி சரி நிறுத்திடுவோம்"னு சொல்லுவாரு, அவரு சொன்னா ஏலம் நிக்காது, பேங்க் லாயர் கோர்ட்ல போய் தேதிய மாத்தணும், அந்த கடுதாசி காப்பி உங்க லாயர் கையில இருக்கணும். பேங்க் எப்போ ஒத்துக்கும்னா, சைன் ஆன எஸ்பிஏ, உங்க லோன் ஆஃபர் லெட்டர், ரெண்டும் சேர்ந்து மேசைல இருந்தாத்தான் வழக்கமா காது குடுக்கும், அப்பவும் கொஞ்சம் பாக்கி கட்ட சொல்லலாம், முடியாதுன்னும் சொல்லலாம், அது அவங்க இஷ்டம். அதனால இந்த வாரமே சேலரி ஸ்லிப், ஈபிஎஃப் ஸ்டேட்மெண்ட் எடுத்துகிட்டு ரெண்டு பேங்க்கு போய் லோன் கேளுங்க. அந்த தகுதிக் கணக்கு எப்படி போனாலும் வேஸ்ட் ஆகாது, ஏலத்துல எடுக்கறதா இருந்தாலும் அது வேணும்.

லோனுக்கு அலையறப்பவே நிலத்துக்கு சாரியான் ரஸ்மி, அதாவது நிலப் பதிவு விவரம், ஒண்ணு எடுத்து வைங்க, சுக்காய் தானா பில்லுல கிரான் நம்பர் இருக்கும். அதுல மூணு விஷயம் பாருங்க. கேவியட், அதாவது பேர் மாத்த விடாம போடற தடை, ஏதும் ஏறியிருக்கான்னு, வேற ஆள் காசு குடுத்து உங்கள மாதிரியே ஏமாந்து போட்டிருக்கலாம். ரிசாப் மெலாயுன்னு, அதாவது மலாய்க்காரங்களுக்குன்னு ஒதுக்கின நிலம்னு, இருந்தா அங்கயே முடிஞ்சுது, நம்மாளு பேர்ல மாறாது, மாமா பேர்ல இருக்கறதால இருக்காது, ஆனாலும் பாருங்க. லீஸ்ஹோல்ட்னா, அதாவது குத்தகை நிலம்னா, எத்தன வருஷம் மிச்சம், பேர் மாத்த மாநில அரசு அனுமதி வேணும்னு நிபந்தனை எழுதியிருக்கா, இருந்தா அதுக்கு தனியா மாசக்கணக்குல ஆகும்.

நாலாவது ஏலத்துக்கு காத்திருக்கலாமான்னு கேட்டீங்க. வழக்கமா ஒவ்வொரு தடவையும் 10 சதவீதம் இறங்கும், அந்த கணக்குப்படி நாலாவது 109,350க்கு வரும். ஆனா மூணாவதுல வேற ஒருத்தர் கை தூக்கிட்டா போச்சு, இப்ப ஹைகோர்ட் ஏலம் இ-லெலோங்ல ஆன்லைன்ல நடக்குது, ஈப்போவுல இருந்தோ கேஎல்ல இருந்தோ எவரும் வீட்ட பாக்காமலே பட்டனத் தட்டலாம். அப்புறம் ஏலத்துல எடுத்தா 10 சதவீதம் முன்பணம், மிச்சம் 120 நாள்ல கட்டணும், லோன் லேட்டாச்சுன்னா முன்பணம் போச்சு, அழுதாலும் திரும்பாது. என்கிட்ட வந்த ஒருத்தருக்கு பேங்க் வால்யுவேஷனுக்கே ஏழு வாரம் இழுத்துச்சு, 118வது நாள் காசு வந்துச்சு, அந்த மனுஷன் அந்த வாரம் சாப்பிடவே இல்ல.

இன்னொண்ணு, விலை 109,350ன்னு வருதே தவிர அந்த விலையில சாவி கிடையாது. ஏலத்துல வாங்கற வீடு "இருக்கற படி, இருக்கற நிலைமையில", உள்ள யாரு குடியிருக்காங்கன்னு பேங்க்கும் பாக்காது, கோர்ட்டும் வந்து காலி பண்ணி குடுக்காது. உள்ள இருக்கறது யாரு, மாமா. அப்ப நீங்கதான் போய் கதவ தட்டி வெளிய போங்கன்னு சொல்லணும், போகலன்னா காலி பண்ண வைக்கற கோர்ட் விதி ஆர்டர் 89ல கோர்ட்டுக்கு போகணும், அதுக்கு லாயர் பீஸ், மாசங்கள், அந்த நேரம் முழுக்க நீங்க லோனும் கட்டணும், வாடகையும் கட்டணும். பூட்ட உடைக்கறது, தெனாகா மீட்டர கட் பண்ண சொல்றது, இந்த மாதிரி வேலைக்கு யாரும் யோசனை சொன்னா கேக்காதீங்க, கேஸ் உங்க மேல திரும்பும். இதெல்லாம் கூட்டி பாருங்க, 126,000 குடுத்து மாமா கையால சாவி வாங்கறது அவ்வளவு ஒண்ணும் விலை கூடுதலா தெரியல எனக்கு.

பேச்சு ஒத்துவராம ஏலத்துக்கே போறதா இருந்தா, பிஓஎஸ்னு சொல்ற ஏல அறிவிப்ப முழுசா படிங்க, எந்த பாக்கிய யாரு கட்டணும்னு அதுலதான் இருக்கும். லெலோங் ஏஜென்ட்னு யாராவது வந்து "நான் மத்தவங்கள ஏலத்துக்கு வராம பாத்துக்கறேன், காப்பி காசு குடுங்க"ன்னு சொன்னா எழுந்து வந்துடுங்க.

எந்த வழியா இருந்தாலும் வீட்டுக்கு சாயங்காலமும் ஒரு தடவ, மழை பெஞ்ச அடுத்த நாளும் ஒரு தடவ போங்க. மாமா வீடுதான, உள்ள போய் பாக்க உங்களுக்கு கூச்சம் இருக்காது. சமையக்கட்ட பின்னாடி இழுத்து கட்டியிருக்காங்களான்னு பாருங்க, நம்ம தாமான்ல கட்டாதவங்க யாரு, முனிசிபல் பிளான் இல்லாம கட்டியிருந்தா வால்யுவர் அந்த பகுதிய கணக்குல சேர்க்க மாட்டாரு. சேர்ந்த இடத்துல சுவர்ல கோடு மாதிரி விரிசல் மேல இருந்து கீழ வரைக்கும் ஓடும், அந்த கோட்டுல அஞ்சு காசு நாணயம் உள்ள போனா கான்ட்ராக்டர கூட்டிட்டு வந்து காட்டுங்க. சீலிங்ல வட்ட வட்டமா தேத்தண்ணி நிறத்துல கறை, பாத்ரூம் பைப்புல ஒட்டியிருக்க டேப், பின்சந்து லொங்காங்ல தண்ணி நிக்குதா, இதெல்லாம் ஒரு அரை மணி நேர வேலை.

அம்மா சொன்னதுக்கு வரேன். அவங்க பயம் எனக்கு புரியுது, தோட்டம் கை மாறினப்ப லயத்த விட்டு வெளிய வந்தவங்க, வேல போனா வீடும் போகும்னு பாத்த தலைமுறை. உங்க ஊர்க்காரரு துன் சம்பந்தன் 1960ல தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சதே வெள்ளைக்காரன் தோட்டத்த துண்டு போட்டு வித்துட்டு போறப்ப நம்ம சனங்க நடுரோட்டுக்கு வரக்கூடாதுன்னுதான், உங்க அம்மாகிட்டயே அந்த சங்கத்து ஷேர் பத்திரம் எங்கயாவது பெட்டிக்குள்ள இருக்கலாம், கேட்டு பாருங்க. ஆனா இந்த விஷயத்துல அம்மாகிட்ட கணக்க சொல்லுங்க. வீடு 109,350க்கு போச்சுன்னா மாமா பாக்கி தீராது, பத்தாயிரத்துக்கு மேல கடன் அவரு தலையிலயே நிக்கும், வீடும் இல்ல. நீங்க 126,000க்கு வாங்கினா கடன் முடிஞ்சுது, கையில கொஞ்சம் காசு, வெளிய போக தேதி, அதுவும் அவரு சம்மதிச்ச தேதி. வயித்தெரிச்சல் எந்த பக்கம்னு அம்மாவே சொல்லட்டும். மாமாவ ஏகேபிகேக்கும் ஒரு தடவ போக சொல்லுங்க, பேங்க் நெகாரா 2006ல ஆரம்பிச்ச கடன் ஆலோசனை நிலையம், காசு வாங்க மாட்டாங்க, மகனோட மத்த கடனுக்கு அவரு கேரண்டி போட்டிருந்தா அதுக்கும் வழி சொல்லுவாங்க. அவருக்குன்னு தனியா ஒரு லாயர் இருந்தா உங்களுக்கும் நல்லது, பின்னாடி "தம்பி என்ன ஏமாத்திட்டான்"னு யாரும் சொல்ல முடியாது.

முனியாண்டி மேடை. சிமெண்டால தரையோட சேர்த்து கட்டியிருந்தா சட்டப்படி அது நிலத்தோட சேர்ந்தது, வீட்டோட உங்களுக்கு வரும், சும்மா தூக்கி வைக்கற கல்லு, வேல், அருவாள்னா அது மாமா சாமான். ஆனா இதுல சட்டம் பாத்து முடிவெடுக்கற ஆள் நம்மள்ல யாரு இருக்கா. மாமா கல்ல எடுத்துட்டு போகணும்னா பூசை போட்டு எடுக்க ஒரு நாள் குடுங்க, இங்கயே இருக்கட்டும்னு சொன்னா வருஷ பூசைக்கு அவரு வந்து போகலாம்னு எஸ்பிஏல ஒரு வரி போட்டுடலாம். நான் முன்னாடி ஒரு கேஸ்ல போட்டிருக்கேன், பேங்க் லாயர் போன் பண்ணி "இது என்னா நிபந்தனை"னு கேட்டாரு, சொன்னேன், சரின்னுட்டாரு.